கடன் வாங்கினால் மரணம்!

டிங்!

செல்போன் திரையை எட்டிப் பார்த்த பல் டாக்டருக்கு முகம் வெளிறியது.

'வருந்துகிறோம். உங்களிடம் கடன் பெற்ற முட்டை வியாபாரி காலமாகிவிட்டார். ஒப்பந்தப்படி கடன் கணக்கு முடிக்கப்படுகிறது.'

கீழே ஒரு புகைப்படம். கழுத்துவரை வெள்ளைத் துணி... லேசாகத் திறந்த வாய்... பிணம்!

இதோடு நாலு பேர்!

முதலில் டீக்கடைக்காரர். அப்புறம் சைக்கிள் ரிப்பேர்காரர். போன வாரம் கோழிப் பண்ணைக்காரர். இன்று முட்டை வியாபாரி. டாக்டர் மொத்தமே நாலு பேருக்குத்தான் கடன் கொடுத்திருந்தார். நாலு பேரும் வரிசையாக மண்டையைப் போட்டுவிட்டார்கள்.

எல்லாம் அந்த ஆப் செய்த வேலை. கடன் கேட்பவர்களின் படமும் சோகக் கதையும் அதில் வரும். பிடித்த ஆளுக்கு நீங்களே நேரடியாகக் கொடுக்கலாம். வட்டி, வங்கி தருவதைப்போல மூன்று மடங்கு. ஒரே ஆளிடம் கொடுத்தால்தானே ஆபத்து? டாக்டர் புத்திசாலி. நாலாகப் பிரித்துக் கொடுத்தார்.

அத்தனையும் மனைவியின் பணம்! பேக்கரி வைப்பதற்காக அவள் சிறுகச் சிறுகச் சேர்த்தது. 'டெபாசிட்ல போட்டிருக்கேன்' என்று புளுகியிருந்தார்.

ஆப்பின் உதவி எண்ணைத் தட்டினார். தேன் குழைத்த குரல் ஒன்று வந்தது.

"சொல்லுங்க சார்!"

"என்கிட்ட கடன் வாங்கின நாலு பேரும் செத்துட்டாங்கம்மா!"

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். அஞ்சாவதா யாருக்காவது கொடுக்கறீங்களா?"

"ஏம்மா... என் பணம்?"

"நாங்க ஆளைக் காட்டுறதோட சரி சார். வசூல் எங்க பொறுப்பு இல்ல. பதினேழாம் பக்கத்துல போட்டிருக்கோமே, படிக்கலையா?"

"பதினேழு பக்கத்தை எவன் படிப்பான்?"

"யாருமே படிக்கிறதில்ல சார்!" என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வைத்த மறுநொடி மனைவியின் அழைப்பு!

"என்னங்க, சாயங்காலம் பேக்கரிக்குப் பார்த்த கடையோட ஓனருக்கு அட்வான்ஸ் கொடுக்கணும். பணம் எடுத்துட்டீங்கல்ல?"

"அது... வந்து... எடுத்துட்டே இருக்கேன்மா."

"இன்னிக்கு விட்டா கடை வேற ஆளுக்குப் போயிடும். ஞாபகம் இருக்கட்டும்!"

அவள் கத்துவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அழுதால்? அதை நினைக்கவே நெஞ்சு வலித்தது.

கதவு திறந்தது. நர்ஸ்!

"டாக்டர், எமர்ஜென்சி. பல்வலின்னு ஒருத்தர் குதிக்கிறாரு."

"வரச் சொல்லு."

கன்னத்தைப் பிடித்தபடி வந்தார் ஒரு நடுவயதுக்காரர். நாற்காலியில் சாய்த்து விளக்கைத் திருப்பினார் டாக்டர்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"நாடக நடிகன் சார். ஐயோ... கடைவாய்ப் பல் உயிர் போகுது!"

"வாயத் திறங்க."

திறந்தார்.

டாக்டரின் கை அப்படியே நின்றது!

இடது பக்கம் ஒரு தெத்துப்பல். அதன் நுனியில் சின்னதாக ஒரு உடைசல்.

தெத்துப்பல் என்றால் டாக்டருக்கு ஒரு பலவீனம். அதைப் பார்த்துத்தான் கல்யாணமே செய்துகொண்டார். அதைப் பார்த்துத்தான் கடனும் கொடுத்தார். நாலு பேருக்குமே தெத்துப்பல்!

செல்போனை எடுத்தார். படங்களைப் பெரிதாக்கினார். டீக்கடைக்காரருக்குத் தாடி. சைக்கிள்காரருக்குக் கண்ணாடி. கோழிக்காரருக்கு வழுக்கை. முட்டைக்காரருக்குத் தொங்கு மீசை.

நாலு தெத்துப்பல்லிலும்... அதே உடைசல்!

"யோவ்! நீ செத்துட்டியே!"

"சார்?"

"ஒரு தடவை இல்ல... நாலு தடவை!"

செல்போனைப் பார்த்த நடிகருக்குப் பல்வலி பறந்துபோனது.

"போலீஸைக் கூப்பிடவா?"

"வேணாம் சார்! ஒரு மேடம் நடிக்கச் சொன்னாங்க, நடிச்சேன். செத்ததுக்கெல்லாம் தனிச் சம்பளம் தந்தாங்க. இங்க போய்ப் பல்லைக் காட்டுன்னு அனுப்பினதே அவங்கதான் சார்!"

"எவ அவ? நம்பரைச் சொல்லு!"

சொன்னார். டாக்டர் தட்டத் தட்ட, திரையில் ஒரு பெயர் தானாக முளைத்தது.

மனைவி!

"நீயா?!"

"பரவாயில்லையே, கண்டுபிடிச்சுட்டீங்களே!" மறுமுனையில் சிரிப்பு. "உங்க போன்ல அந்த ஆப்பைப் பார்த்த அன்னிக்கே எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. வேற எவனாவது சுருட்டுறதுக்கு முன்னாடி நானே சுருட்டிடலாம்னு தோணுச்சு. தெத்துப்பல்லைக் காட்டினா நீங்க விழுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப... பணம்?"

"பீரோல பத்திரமா இருக்கு."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாரை தாரையாகக் கண்ணீர்.

"தப்புதாம்மா. சத்தியமா இனிமே ஆப் பக்கமே போகமாட்டேன். அப்பாடா, நாலு பேர் பணமும் தப்பிச்சுது!"



"நாலு பேரா?"

"ஆமா... டீ, சைக்கிள், கோழி, முட்டை..."

"என்னங்க, நான் டீ, சைக்கிள், கோழின்னு மூணு பேரைத்தானே சாகடிச்சேன்! கால்வாசியை டெபாசிட்ல போட்டிருப்பீங்கன்னு நினைச்சேனே! அதுவும் சேர்ந்தாத்தாங்க அட்வான்ஸ்!"

டாக்டர் மெல்லத் திரும்பினார்.

நடிகரின் ஒரு கால் நாற்காலியைவிட்டு இறங்கியிருந்தது. நர்ஸ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"முட்டை வியாபாரி..." டாக்டரின் குரல் இறங்கியது.

நடிகர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். தெத்துப்பல் பளிச்சிட்டது.

"அது என் சொந்தத் தயாரிப்பு சார். மீசை ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகவேணாமேன்னு..."

"பணம் எங்க?"

"பேங்க்லதான் சார். அடுத்த மாசம் கண்டிப்பா..."

"இப்போ! செல்போனை எடுத்து என் கணக்குக்கு அனுப்பு!"

"வட்டியை மட்டும் தள்ளுபடி பண்ணீங்கன்னா..."

டாக்டர் துளைக்கும் கருவியைக் கையில் எடுத்தார். விர்ர்ர்ர்ர்...!

"வாயத் திற."

"டாக்டர்! டாக்டர்! மரத்துப்போற ஊசி போடலையே!"

"செத்தவனுக்கு எதுக்குய்யா ஊசி?"