தலைப்பெட்டி மேல் ஒரு ஈரத்துண்டு

"ஒரே ஒரு ஈரத்துண்டை வெச்சு, பட்டப்பகல்ல, திருப்பூர் மொத்தத்தையும் அழ வெச்சவன் நான்" என்றார் தர்ஷன்.

பேக்கரியில் ஒருவரும் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. தேங்காய் பன்னை மென்றுகொண்டிருந்தவர்கள் அதே வேகத்தில் மென்றார்கள். எல்லார் காதுக்குப் பின்னாலும் தணியன் பச்சையாக மினுங்கியது. தர்ஷன் காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு பழைய தழும்பு.

நம்பாதவர் என்று இருந்தவர் மௌலீஸ்வரன் ஒருவர்தான். தர்ஷனின் மனைவி சஹானாவுக்கு அண்ணன். அழுத்தத் தணிப்புத் துறையில் மேற்பார்வையாளர். நம்பாமல் இருப்பது அவருக்கு உத்தியோகம் என்பதால் அதைத் தணியன் தணிப்பதில்லை.

"இடி விழுந்துச்சு மாப்ள. அறிக்கையிலயே இருக்குது."

"பங்குனி வெயில்ல ஏதுங்க மச்சான் இடி? ஒரு பொட்டு மேகம் இல்லை."

"மேகமில்லாத இடி. அதுவும் அறிக்கையில இருக்குது."

தர்ஷன் டீயை உறிஞ்சினார். அந்தப் பேக்கரியிலேயே டீ சுடுகிறது என்று சொல்லத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான்.

தணியன் என்பது மிளகு அளவில் ஒரு கருவி. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். தாடையைக் கடிக்கிறீர்களா, மூச்சு மேலோட்டமாகப் போகிறதா, தோள் காதுவரை ஏறிவிட்டதா, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தீர்களா, அற்ப விஷயத்துக்கு வள்ளென்று விழுந்தீர்களா, காரணமில்லாமல் உடம்பு வலிக்கிறதா, எல்லாவற்றையும் அது கண்டுபிடிக்கும். நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே.

கண்டுபிடித்ததை என்ன செய்யும் என்பதில்தான் மூளையைக் காட்டியிருந்தார்கள். அழுத்தத்தை அழிக்க முடியாது, பங்குபோட முடியும். ஒருவருடைய பதற்றத்தைத் தணியன் உறிஞ்சி மாடிதோறும் இருக்கும் பங்குப்பெட்டிக்கு அனுப்பும். அங்கிருந்து தலைப்பெட்டிக்குப் போய், ஊரில் இருக்கிற அத்தனை லட்சம் பேருக்கும் தூசி தூசியாகப் பிரிந்துவிடும். கல்யாணத்துக்கு மொய் எழுதுவது போலத்தான். உன் வீட்டு இழவை ஊரே சுமக்கும், ஊர் இழவை நீ சுமப்பாய். ஒருவருக்கும் கனக்காது.

கனக்கவில்லைதான். வேறு எதுவும் தெரியவும் இல்லை. தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை, "ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டான். ஒரு பனியன் கம்பெனியில் தீப்பிடித்தபோது தையல்காரர்கள் கையில் இருந்த சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிட்டு வரிசையாக வெளியே வந்தார்கள். மௌலீஸ்வரனின் அம்மா இறந்தபோது அவர் மின்மயானத்திலிருந்து நேராக அலுவலகம் போய்க் கைரேகை வைத்தார். பச்சை விளக்கு ஒருமுறைகூடத் துடிக்கவில்லை. அதற்காகத் துறை அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தது.

அந்தப் பங்குனியில் ஊரே இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவர் தர்ஷன். அப்போது அவருக்கும் தணியன் உண்டு. ஆனால் நாற்பது வருஷம் நிட்டிங் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். நூறு மெஷின் ஓடும் கூடத்தில் எதில் ஊசி உடைந்திருக்கிறது என்று காதாலேயே தேடித் திரிந்த உடம்பு, சும்மா இருக்கவில்லை. பேக்கரிக்காரர் தேய்த்தார். பஸ் டிரைவர் சிக்னலில் நின்று தேய்த்தார். மேடையில் பேசிய கவுன்சிலர் தேய்த்தார், கேட்டுக்கொண்டிருந்த கூட்டமும் தேய்த்தது. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இருந்த சிலைகூடத் தேய்க்கக் கையைத் தூக்கியதாகத் தர்ஷன் பிற்பாடு சொல்வார். அதை மட்டும் விட்டுவிடலாம்.

வலி யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. வலியாகவே தெரியவில்லையே.

தர்ஷன் கேட்டதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. குளித்துவிட்டு வந்தவர் ஈரத்துண்டை நாற்காலியில் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து இதற்காகச் சஹானாவிடம் திட்டு வாங்கியவர். தணியன் வந்த பிறகும் அந்த ஒரு திட்டு மட்டும் எப்படியோ தப்பித்து வந்துகொண்டிருந்தது. "நாற்காலி என்னங்க கொடிக்கம்பியா?" என்று ஒரு முனகலாவது வரும்.

அன்று வரவில்லை. சஹானா துண்டைப் பார்த்தாள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் துண்டைக் கட்டில் விரிப்பில் போட்டார். அதற்கு மறுநாள் இஸ்திரி போட்ட சேலை மேல். பிறகு சாப்பிடும்போது, "உன் தங்கச்சி வைக்கிற பருப்பு இதைவிட நல்லாருக்கும்" என்றார்.

"சரிங்க" என்றாள் சஹானா.

தர்ஷனுக்குச் சோறு இறங்கவில்லை. தணியன் உடனே இறக்கியது.

"ஏம்மா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவர அவள் நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்து நின்றாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தர்ஷன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஆஸ்பத்திரிக் கதவு அவள் காதைப் பார்த்தது. "நலமாக இருக்கிறீர்கள், சென்று வாருங்கள்" என்றது. அடுத்த ஆஸ்பத்திரிக் கதவும் அதையே சொன்னது, கூடவே ஒரு ஆரஞ்சு மிட்டாயும் நீட்டியது.

மௌலீஸ்வரன் வீடு எதிர்க்கதவு. போய்த் தட்டினார்.

"மச்சான், உங்க தங்கச்சி தணியனைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்க. அவளுக்கு என்னமோ ஆவுது. அவளுக்கே தெரியலை."

"பச்சையா இருக்குதா?"

"இருக்குது."

"அப்புறம் என்ன மாப்ள? பச்சையை நிறுத்தறதுக்குச் சட்டத்துல வழியே இல்லை. என்ன அறிகுறி சொல்றீங்க?"

"என்னையத் திட்ட மாட்டேங்கிறா."

"ஊர்ல இருக்கிற மாப்பிள்ளைக எல்லாம் கோயில் கட்டிக் கும்பிடற அறிகுறி அது" என்றார் மௌலீஸ்வரன், இடது கையைத் தேய்த்தபடி.

"நீங்க ஏனுங்க கையைத் தேய்க்கிறீங்க?"

"தேய்க்கிறனா?" அவர் தன் கையைப் பார்த்தார். "பழக்கம்."

இரண்டு கதவுகளுக்கும் நடுவில், நடைபாதைச் சுவரில், பீரோ உயரத்துக்கு நின்றது தலைப்பெட்டி. ஊர்ப் பதற்றம் முழுக்க வந்து பிரியும் இடம். அது நியாயமாகத் துறையின் கட்டடத்தில் இருக்க வேண்டியது. தன் வாசலில் இருந்தால்தான் கௌரவம் என்று மௌலீஸ்வரன்தான் பிடிவாதம் பிடித்து இங்கே வைத்தார். எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கும். பனியன் ஊர்க்காரர்களுக்குச் சூடான இரும்பைக் கண்டால் துணி காயப்போடத் தோன்றும். அந்த மாடியில் யாரும் அதைச் செய்யாததற்குக் காரணம் சஹானா. "கரண்டு மேல ஈரத்தைப் போட்டீங்கன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்பாள். அண்ணன் வீடு நாலு அடியில். ஆனாலும் அதுதான் அவளுடைய உச்சக்கட்ட மிரட்டல்.

மௌலீஸ்வரன் ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும் தர்ஷன் உள்ளே போய்த் துண்டை நனைத்தார். பிழியவில்லை. சஹானாவைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டி வந்து நிறுத்தினார். அவள் பார்க்கப் பார்க்க, சொட்டச் சொட்ட, துண்டைத் தலைப்பெட்டி மேல் விரித்தார்.

"பாரு சஹானா. கரண்டு மேல போட்டிருக்கேன். ஏதாவது சொல்லு."

அவள் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

பெட்டிக்குள் அப்பளம் பொரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு புகை. பிறகு பச்சை விளக்குகள் அணைந்தன. முதலில் அந்த மாடியில், பிறகு கட்டடத்தில், பிறகு அவிநாசி ரோடு நெடுக.

பங்குபோட்ட அழுத்தமெல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. ஒரே நேரத்தில், வட்டியோடு.

ஊர் அழுதது. கொட்டாவி விட்ட மாப்பிள்ளை பெண்டாட்டி காலடியில் உட்கார்ந்து அழுதான், சந்தோஷத்தில்தான். காலர் வைத்த தையல்காரர்கள் இல்லாத தீக்குப் பயந்து தெருவில் ஓடினார்கள். பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பயணிகள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார், அவர்களும் கேட்டார்கள், வண்டி சாயங்காலம்தான் கிளம்பியது. வறண்டு கிடந்த நொய்யல் ஆற்றில் அன்று முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. உப்புக் கரித்தது என்று குடித்துப் பார்த்தவர்களே சொன்னார்கள்.

வாசலில் நின்ற சஹானா முதலில் திட்டினாள். "கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு? கரண்டு மேல ஈரத்தப்..." பாதியில் நின்றது. இடது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "ஏனுங்க, வலிக்குதுங்க. ரொம்ப நாளா வலிச்சிருக்குதுங்க."

இந்த முறை ஆஸ்பத்திரிக் கதவு பார்ப்பதற்குப் பச்சை விளக்கு இல்லை. மனிதர்கள்தான் பார்த்தார்கள். டாக்டர் அழுதுகொண்டே இதய அடைப்பை எடுத்தார், கை மட்டும் நடுங்கவில்லை. தணியனையும் எடுத்துவிட்டார். தர்ஷனும் தன்னுடையதை எடுக்கச் சொன்னார்.

ஊர் அப்படி விடவில்லை. சாயங்காலத்துக்குள் துறை வாசலில் கூட்டம், பெட்டியைச் சரிசெய்யச் சொல்லி. மறுநாள் புதிய தலைப்பெட்டி வந்தது, இன்னும் பெரிதாக. மேகமில்லாத இடி அறிக்கையில் ஏறியது. மௌலீஸ்வரனுக்கு இன்னொரு கேடயம்.

"அன்னைக்கு நீங்க என்ன பண்ணுனீங்க மச்சான்?" என்று தர்ஷன் பேக்கரியில் கேட்டார்.

"ஆபீஸ்ல இருந்தேன். கண்ணுல தூசி" என்றார் மௌலீஸ்வரன். சொல்லும்போது தொண்டையை நீவிக்கொண்டார். பக்கத்து மேசைக்காரரும் நீவினார். பேக்கரிக்காரர் நீவிக்கொண்டே பாக்கிச் சில்லறை கொடுத்தார்.

தர்ஷன் டீயைக் கீழே வைத்து, மௌலீஸ்வரனின் மனைவியை விசாரித்தார். "மச்சான், பல்லவி அக்கா சௌக்கியந்தானுங்களா?"

"பச்சையா இருக்கா."

"திட்டறாங்களா?"

மௌலீஸ்வரன் பன்னைத் தின்று முடித்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கதவு தட்டப்பட்டது. சஹானா திறந்தாள். அண்ணன் நின்றார். கையில் துண்டு. தரையெல்லாம் தண்ணீர்.

"என்னண்ணா இது, இப்பத்தான் துடைச்சேன்" என்றாள் சஹானா.

அவர் தங்கையைப் பார்த்துத் தலையாட்டினார், திட்டு வாங்கியதற்கு நன்றி சொல்வது போல. பிறகு தர்ஷனிடம் திரும்பினார்.

"பல்லவி தண்ணி முழுங்க முடியாம நிக்கறா மாப்ள. ஒண்ணுமில்லைங்கிறா." குரல் தட்டையாகத்தான் இருந்தது. துண்டு மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. "எந்தப் பக்கம் போட்டீங்க?"

"எதை மச்சான்? இடியையா?"

மௌலீஸ்வரன் தலைப்பெட்டியைப் பார்த்தார். பச்சையாக எரிந்தது. அவர் காதும்.

"துண்டுதான் மாப்ள" என்றார். "நீங்க போட்டீங்க, ஊரு அழுதுச்சு. நானும் ஆபீஸ் மேசைக்கு அடியில உக்காந்து எங்கம்மாவுக்காக அழுதேன்."