ஒன்றரை லீற்றர் ஒயில்

இரண்டாயிரத்து ஏழில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ் முதலாளியின் உயிருக்கு அறுபது லட்சம் ரூபாய் விலை. பேரம் பேசலாம், ரசீதுதான் கிடையாது. இரும்புக்கடைப் பொன்னம்பலத்தை வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டு போனவர்களும் அந்த விலையைத்தான் தொலைபேசியில் சொன்னார்கள். அவர் மனைவி அருந்ததி நகையை விற்றாள், வங்கியைத் துடைத்தாள், கடைசியில் வாசலில் நின்ற ஜீப்பையும் விற்க வாகனத் தரகர் நாகேந்திரத்தைக் கூப்பிட்டாள்.

நாகேந்திரம் வாங்க வருகிறவனையும் விற்க வருகிறவனையும் ஒரே தராசில் வைத்து இகழ்கிற மனிதர். நுகேகொடைச் சந்தையில் வெண்டிக்காய் வாங்கி வர நாலு சில்லும் இழுக்கிற ஜீப் கேட்கும் கூட்டம் என்று தன் வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்வார். ஆனால் பொன்னம்பலத்தின் ஜீப்பைக் கண்டதும் அவருக்கே வாயூறியது. ஏழு இருக்கை, இரண்டாயிரத்து எண்ணூறு சீசீ, டர்போ டீசல். ஒயில், பில்டர், டைமிங் பெல்ற் எல்லாம் தவணை தவறாமல் மாற்றிப் பிள்ளை மாதிரி வளர்த்த எஞ்சின். இன்னும் இரண்டு லட்சம் கிலோமீற்றர் இருமாமல் ஓடும்.

ஆகவே அருந்ததியைத் தேநீர் போட உள்ளே அனுப்பிவிட்டு, பொனெற்றைத் திறந்து, கொண்டுபோன கானிலிருந்து ஒன்றரை லீற்றர் ஒயிலை மேலதிகமாக ஊற்றினார். தரகர்களுக்குள் பழகிய வித்தை அது. மிஞ்சிய ஒயில் காற்றுக் குழாய்க்குள் ஏறி எரியும். எந்தத் தங்கமான எஞ்சினும் சுருட்டுக் குடித்த கிழவனைப் போல நீலப் புகை கக்கும்.

"டர்போ செத்துப்போச்சு தங்கச்சி. எஞ்சினும் பின்னால போகும். பாவம் பாத்துத்தான் எடுக்கிறன்."

"அண்ணை, இந்தக் காசு குறைஞ்சா அவரை விடமாட்டினம்."

"நான் என்ன செய்ய? நீரே புகையைப் பாரும்."

பாதி விலைக்கு முடிந்தது. அருந்ததி கொண்டுபோய்க் கொடுத்த பணம் போதவில்லை. பொன்னம்பலம் வரவில்லை. உடலும் கிடைக்காததால் செத்தவீடு என்று ஒன்று நடக்கவேயில்லை. துக்கம் விசாரிக்கப் போகிற சங்கடம் மிச்சம் என்று நாகேந்திரம் நினைத்துக்கொண்டார்.

மிஞ்சிய ஒயிலை அவரே வடித்தார். காற்றுக் குழாய்களில் தேங்கிக் கிடந்ததைக் கழுவிவிடக் கொட்டாஞ்சேனைக் கராஜ்காரன் கேட்ட கூலி அநியாயம் என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

ஒருநாள் வெளிச்சம் மங்குகிற மைமல் பொழுதில் மருதானையிலிருந்து பௌஸி ஹாஜியார் ஜீப் பார்க்க வந்தார். கடற்கரை வீதியில் ஓட்டிக் காட்டி, தன் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திச் சாவியைக் கழற்றினார் நாகேந்திரம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சாவிய எடுத்த பொறகும் ஓடுதே அண்ணே?"

"அது டர்போ டைமர், ஹாஜியார். ஓடி வந்த டர்போ நெருப்பாக் கொதிக்கும். டக்கெண்டு நிப்பாட்டினா உள்ளுக்க ஒயில் கரியாகிடும். ரெண்டு நிமிசம் ஆறிப்போட்டுத் தானா நிக்கும். அது விளங்காத மடையங்கள் டைமரைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, டர்போ சரியில்லை எண்டு என்னட்ட வந்து அழுவாங்கள்."

பௌஸி கறுப்புக் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். "பின்னால யாரும் இரிக்காங்களா?"

"ஏழு சீற்றும் சும்மா கிடக்கு. விருப்பமெண்டா மாமியாரையும் ஏத்தலாம்."

பௌஸி சிரிக்கவில்லை. "மூச்சு வாங்கிற மாதிரிக் கேக்குது. நான் நாளைக்கு வாறன்."

நாளைக்கு என்றால் வரமாட்டான். நாகேந்திரம் கேற்றைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

எஞ்சின் இன்னும் ஓடியது. கடலின் உப்பு மணத்துக்கும் பக்கத்து வீட்டில் நெத்தலி பொரிக்கிற மணத்துக்கும் அடியில் எரிந்த ஒயிலின் நெடி தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவருடைய சாரத்தின் கரையைத் தொட்டது. டீசலின் தடதடப்புக்கு நடுவே, வாயைத் துணியால் கட்டிவிட்ட ஒருவர் மூக்கால் மட்டும் இழுக்கிற மாதிரி, மெல்லிய, ஈரமான ஓர் இழுப்புக் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

டைமர் பழுது என்று முணுமுணுத்தார். ஜப்பான்காரனும் கள்ளனாகிவிட்டான். முன் சீற்றில் ஏறி டைமரின் வயரைப் பிடுங்கினார். எஞ்சின் நிற்கவில்லை. பின் இருக்கைகளைக் காட்டும் கண்ணாடி அவர் முகத்துக்கு நேரே இருந்தது. அதைப் பார்க்காமலே இறங்கினார்.

அப்போது நகரம் முழுக்க அணைந்தது. புலிகளின் விமானம் வருகிறதென்றால் கொழும்பில் மின்சாரத்தை நிறுத்துகிற காலம் அது. தெரு இல்லை, மதில் இல்லை, கை இல்லை. ஜீப்பின் சத்தம் மட்டும் இருந்தது. அது ஏறத் தொடங்கியது.

யாரும் மிதிக்காமல் ஏறியது. தடதடப்பு உறுமலாகி, உறுமல் ஊளையாகியது. ஒழுங்கை முனைச் சோதனைச் சாவடியிலிருந்து ஒரு சிப்பாய் எஞ்சினை நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான்: "ஏய், எஞ்சிம நவத்தன்ன."

நாகேந்திரத்துக்கு விளங்கிவிட்டது. குழாயில் கிடந்த பழைய ஒயிலை எஞ்சின் குடிக்கத் தொடங்கியிருக்கிறது. அப்படிக் குடிக்கத் தொடங்கிய டீசல் எஞ்சினுக்குச் சாவியும் ஒன்றுதான், சாமியும் ஒன்றுதான். காற்றை அடைத்தால் மட்டும் நிற்கும். அடைக்காவிட்டால் பிஸ்டன் உருகும். பேரம் பேசிப் பிடுங்கிய ஜீப் பழைய இரும்பாகிவிடும். சிப்பாய்க்குப் பொறுமை போனால் அவரும் மிஞ்சமாட்டார்.

பொனெற்றைத் தூக்கினார். அதைத் தாங்கும் கம்பி கையில் அகப்படவில்லை. இடக்கையால் பிடித்துக்கொண்டே, வலக்கையால் காற்றுக் குழாயின் கிளிப்பைத் தட்டிவிட்டார். றப்பர்க் குழாய் வாயைத் திறந்தது. உள்ளே உறிஞ்சல். தோளில் கிடந்த துவாயைத் திணித்தார். அது போய்விட்டது. முழுதாக.

குழாயில் தேங்கிய ஒரு கோப்பை ஒயில் இவ்வளவு நேரம் எரியாது. அது அவருக்குத் தெரியும்.

"நவத்தன்ன." சுடுவதற்குத் துப்பாக்கியின் பூட்டை இழுத்துவிடும் சத்தம்.

விரல்களைக் குவித்துக் கையை நுழைத்தார். மணிக்கட்டு வரை. குழாய் கவ்வியது. ஊளை இறங்கியது. உறுமல். தடதடப்பு. ஒரு குலுக்கல். நின்றது.

அமைதி.

எஞ்சின் நின்றால் உறிஞ்சலும் நிற்க வேண்டும். கையை இழுத்தார். வரவில்லை.

குழாய்க்குள் சூடு இல்லை. குளிர். ஈரம். அந்த மெல்லிய இழுப்பு மட்டும், இப்போது மிக அருகில், அவசரமில்லாமல்.

அவருடைய விரல்களுக்கு நடுவே ஏதோ நுழைந்தது. தெருவைக் கடக்கும்போது கைகோத்துப் பிடித்துக்கொள்வார்களே, அப்படி. இறுக்கியது.

துவாய்தான், என்றார். துவாய்.

நாகேந்திரம் விரல்களை எண்ணிப் பார்த்தார். குழாய்க்குள், இருட்டில், ஒவ்வொன்றாக அசைத்து. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

அசைக்காதவையும் அசைந்தன. அவற்றையும் எண்ணினார்.

மொத்தம் பத்து.

இடக்கை இன்னும் பொனெற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது.