ஈ மொய்க்காத பிணம்

அலமாரிக் கதவைத் திறந்தாள்.

பிணம் விழுந்தது!

முப்பது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை. நெஞ்சு முழுக்கச் சிவப்பு...

அறை பார்க்க வந்தவள் அலறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பகல் பதினொன்று பத்து. ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

அவள் ஆராய்ச்சி மாணவி. பிணத்தில் முட்டையிடும் ஈக்களைப் பற்றி ஆராய்பவள். கல்லூரியில் எல்லோருக்கும் அவள் 'ஈக்காரி'.

விடுதி அறையை இன்று மாலை ஐந்துக்குள் காலி செய்தாக வேண்டும். மிச்சமிருந்தவை இரண்டே இடங்கள். ஒன்று, இரண்டு பஸ் மாறிப் போகும் ஊர்க்கோடி. இன்னொன்று இது. ஆய்வுக்கூடம் கூப்பிடு தூரம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புழுக்களுக்குத் தீனி வைக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

பிணம்தான் இடைஞ்சல்.

மூச்சு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அவள் துறையில் அது இரண்டாம்பட்சம். பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்...

"ஒரு ஈ கூட வரல. எழுந்திரிங்க."

பிணம் அசையவில்லை.

"இவ்வளவு ரத்தத்துக்கு இந்நேரம் பத்து ஈயாவது வந்திருக்கணும். என்ன அது, பெயின்ட்டா?"

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"சிவப்பு மசி," என்றது பரிதாபமாக. "கீழே சித்திகிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்!"

"வீட்டுக்காரம்மா உங்க சித்தியா?"

"ஆமா. எட்டு வருஷமா இங்க தங்கித்தான் ஆராய்ச்சி பண்றேன். நாடகங்களில் மரணக் காட்சிகள்."

"அதான் அழகா விழுந்தீங்க."

"கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. அதுக்குள்ள சித்தி அறையைக் காட்ட ஆள் மேல ஆள் அனுப்புறாங்க. நாலு பேர் வந்தாங்க... நாலு பேரும் அலறி ஓடிட்டாங்க. நீங்களும் லேசா கத்திட்டு ஓடிடுங்களேன்!"

ஈக்காரி யோசித்தாள். பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து அவன் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"எ... என்னது?"

"முந்நூறு புழு. நாளைக்கு ஈயாயிடும். நீங்க எங்கயும் போக வேணாம். இப்படியே பிணமா படுத்துக்கோங்க. ஆராய்ச்சிக்கு எனக்கும் ஒண்ணு தேவைப்படுது."

அலறல்!

இந்தத் தடவை பிணத்தின் தொண்டையிலிருந்து...

உருண்ட டப்பாவை அவள் பிடிப்பதற்குள் அவன் 'புழு... புழு!' என்று கத்தியபடி படியில் தடதடத்துக்கொண்டிருந்தான்.

கீழே வந்து பார்த்தாள். வீட்டுக்காரம்மா வாசல் கதவை ஏற்கெனவே திறந்து பிடித்திருந்தாள். தெருமுனையில் மசி படிந்த வெள்ளைச் சட்டை திரும்பி மறைந்தது.

"ஆன்ட்டி... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்ன? அக்கா பையன். வெளிய போடான்னு சொல்ல வாய் வரல. அதான் இந்தத் தடவை உங்க காலேஜ்ல விசாரிச்சு, பிணத்துக்குப் பயப்படாத பொண்ணா பார்த்துச் சொல்லி அனுப்பினேன்."

சாவியை நீட்டினாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"புழு டப்பா மட்டும் என் வீட்டுக்குள்ள வேணாம்மா!"

"புழுவெல்லாம் லேப்ல இருக்கு ஆன்ட்டி. இது என் மத்தியானச் சாப்பாடு."

சாவி கைமாறியது.

"அடிப்பாவி! அவன் எட்டு வருஷமா முடிக்காத கடைசி அத்தியாயத்தை, நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே முடிச்சிட்டியே!"