எதிர்வாசல்காரரின் வலது தோள்

காலை ஆறு மணிச் சங்கு ஊதியதும் நிலாக் குடியிருப்பின் ஏழாம் நடைகூடத்தின் நாற்பத்திரண்டு கதவுகளும் திறந்துகொள்ளும். பல் துலக்கினார்களோ இல்லையோ, எதிரெதிர் வாசல்காரர்களில் ஒருவர் மற்றவர் வீட்டுக்குப் போய் நின்றாக வேண்டும். எதிர்வீட்டுக்காரர் பெஞ்சில் மல்லாந்து படுத்து, நெஞ்சுக்கு மேலிருக்கும் கம்பியைத் தள்ளுவார். வந்தவர் தலைமாட்டில் நின்று, கம்பி நழுவினால் பிடிக்கக் கையை நீட்டியபடி எண்ணுவார். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். யாரும் தனியாகத் தள்ளக் கூடாது என்பது சட்டம். மார்த்தள்ளு என்று இதற்குப் பெயர். பழைய ஆட்கள் மட்டும் இன்னும் பெஞ்ச் பிரஸ் என்பார்கள்.

இந்தச் சட்டத்தை எழுதியவர் யாரென்று பிலோமினாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு கும்பிடு போட்டிருப்பாள். தினமும் காலையில் அரசாங்கமே அடுத்தவர் வீட்டுக்குள் அனுப்பிவைக்கிறது என்றால் சும்மாவா? யார் வீட்டில் துணி மடிக்காமல் கிடக்கிறது, யார் யாரோடு இரண்டு நாளாகப் பேசவில்லை என்பதெல்லாம் ஏழு மணிக்குள் அவள் காதுக்கு வந்துவிடும். எட்டு மணிக்குக் கீரைக்கூடத்தில் வேலைக்குப் போனால், ஒன்பது மணிக்குள் அது மற்றவர்கள் காதுக்கும் போய்விடும்.

எண்ணி முடித்ததும் தலைமாட்டில் நிற்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "வலிக்குதா?" தள்ளியவர் "இல்லை" என்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்பது போலத்தான். பதிலை யாரும் காதில் வாங்குவதில்லை. ஆமாம் என்று சொன்னால் வலிக்குறிப்பு எழுத வேண்டும். எழுதினால் ஆறு வாரம் மார்த்தள்ளு கிடையாது, இறங்கு தேர்வும் கிடையாது. ஆகவே ஏழாம் நடைகூடத்தில் இதுவரை யாருக்கும் வலித்ததே இல்லை.

சந்திரனிலிருந்து பூமிக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு கப்பல். அதில் ஏற நினைப்பவர் நாற்பது கிலோவைப் பத்து முறை தள்ளிக் காட்ட வேண்டும்; அதுதான் இறங்கு தேர்வு. நிலாவில் நாற்பது கிலோ அரை வாளித் தண்ணீர் கனம்தான் இருக்கும். அதனால் பளுத்தூண் என்ற காற்றழுத்த எந்திரம் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துப் பூமியின் கனத்தைக் கொடுக்கும். இவ்வளவு பாடு எதற்கென்றால், இங்கே தடுக்கி விழுகிறவர் தரைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கொட்டாவி விடலாம். விரலால் தட்டி எழுந்துவிடலாம். பூமியில் குப்புற விழுந்தால் தன் உடம்பைத் தானே தள்ளி எடுக்க வேண்டும். முதல் கப்பலில் இறங்கிய சிலர் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அதற்குப் பிறகு வந்தது சட்டம்.

பிலோமினா தேர்வுக்குப் பெயர் கொடுத்ததே இல்லை. தூத்துக்குடியில் கூடப்பிறந்த தங்கை இருக்கிறாள், வா வா என்கிறாள். "அந்தக் கனத்த ஊருக்கு யாரு போவா" என்று சிரித்துவிட்டு, இவள் பேச்சை அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிடுவாள்.

ஆனால் எதிர்வாசல் ஆவுடையப்பன் போயே ஆக வேண்டும். தண்ணீர்க் குழாய் பொருத்துகிற வேலை, நாற்பத்தாறு வயது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல ஒரு மௌனம். மனைவி கோமதி மூன்று வருஷம் முன்பு நுரையீரல் வைத்தியத்துக்காகப் பூமிக்கு இறங்கினாள். இனி கப்பல் ஏறக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவளால் வர முடியாது. இவர்தான் போக வேண்டும். கப்பலுக்கு இன்னும் பத்து வாரம்.

ஒரு நாள் காலை அவர் இடது கையால் தலை சீவுவதைப் பிலோமினா பார்த்தாள். மறுநாள் தேநீர்க் குவளையும் இடது கைக்கு மாறியிருந்தது. அதற்கடுத்த நாள், எட்டாவது தள்ளில் கம்பி வலப்பக்கம் லேசாகச் சரிந்தது.

"வலிக்குதா?" என்றாள். முதல்முறையாக நிஜமாகவே கேட்டாள்.

"இல்லக்கா."

"அப்போ அந்த வலது கையத் தூக்கி அலமாரி மேல இருக்கிற டப்பாவ எடுங்க, பாப்போம்."

ஆவுடையப்பன் டப்பாவைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எழுதிராதிங்கக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அன்றைக்கு அவள் எழுதவில்லை. கீரைக்கூடத்தில் யாரிடமும் மூச்சு விடவுமில்லை. பிலோமினாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று ஆட்கள் விசாரித்தார்கள். மூன்று நாள் கழித்து, ஆறாவது தள்ளிலேயே கம்பி சரிந்து கழுத்துப்பக்கம் இறங்கியது. அவள் கை மட்டும் அங்கே இல்லையென்றால் ஆவுடையப்பன் கோமதியைப் பார்க்கப் போகிற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. கம்பியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அவர் கண் முன்னாலேயே வலிக்குறிப்பை எழுதினாள். அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

நடைகூடம் சும்மா இருக்குமா? பொறாமைக்காரி, ஒரு மனுஷன் பெண்டாட்டியோடு சேருவது பொறுக்கவில்லை என்று, இத்தனை வருஷம் அவளிடமிருந்தே பழகிய பாணியில், அவளைப் பற்றியே பேசினார்கள்.

பிலோமினா நேரே டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனாள். ஆறு வாரம் போனாலும் மூன்று வாரம் மிச்சமிருக்கிறதே, போதாதா என்று கேட்டாள். ஸ்கேனைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், தசைநார் கிழியவில்லை, உரசி வீங்கியிருக்கிறது, ஆறும் என்றார். "ஆனா ஆறினப்புறம் பழைய மாதிரியே தள்ளினா பழையபடியே போகும். எதனால வருதுன்னு எனக்கே தெரியல. ஒரு ஆள் தோளை வச்சு நான் என்னத்தச் சொல்ல? இந்த ஊர்ல வேற யாருக்கும் வலியே இல்லையே."

பிலோமினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யார் சொன்னா?" என்று ஆரம்பித்தாள். மூன்றாம் கதவில் குழந்தையை இடுப்பு மாற்றி இடுப்பு தூக்கும் தகப்பன், பன்னிரண்டில் சட்டையைக் காலால் மிதித்துக் கழற்றும் வாத்தியார், முப்பதில் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் புருஷனைத் திட்டும் புதுப்பெண். நாற்பத்தொரு வீட்டின் தோள்களும் அவள் நாக்கு நுனியில் இருந்தன. டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு எழுதத் தொடங்கினார். பதினேழு தோள் வலி.

"சரி, வலிக்காதவங்க யாரு?"

அதற்கும் பதில் இருந்தது. தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவைச் சேர்ந்த சங்கிலிக்கு வலியில்லை. அவன் குழுவில் ஒருவருக்குமே இல்லை. மகா சோம்பேறிகள், வேலைக்குப் போடும் காந்தக் காலணியைக் கழற்றாமலே பெஞ்சில் விழுகிறவர்கள். கடைசி வீட்டு ராக்கம்மாவுக்கும் இல்லை. அவள் பெஞ்ச் இரண்டு குழாய்களுக்கு நடுவே இடுக்கில் கிடக்கிறது. முழங்கையை விரிக்கவே இடம் கிடையாது. அதற்காக அவள் நிர்வாகத்துக்குப் போட்ட புகார்கள் ஒரு பெட்டி தேறும்.

டாக்டரின் பேனா நின்றது. காலணியும் குழாயும். ஒன்று காலைத் தரையோடு பிடித்துவைத்தது, மற்றது முழங்கையை விரிய விடவில்லை. ஊர் முழுக்க முழங்கையைச் சிலுவை போல விரித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. சுவர்க் கைப்பிடியைத் தட்டித் தட்டித் தாவிப் பழகிய தோள்கள் காதுக்குப் பக்கத்திலேயே ஏறி நின்றன. தரையில் ஊன்றினால் உடம்பு வழுக்குகிறதென்று கால்களை அந்தரத்தில் மடக்கி வைத்துக்கொண்டார்கள். மொத்தக் கனமும் தோள் மூட்டின் முன்பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பளுத்தூணோ எத்தனை முறை என்று மட்டும்தான் எண்ணும். எப்படி என்று பார்க்காது.

முதலில் ஆறு வாரம் ஆவுடையப்பன் ரப்பர் பட்டையை மார்புப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார், தள்ளவே இல்லை. ஏழாவது வாரம் சங்கிலியின் காலணியை மாட்டிக்கொண்டு வெறும் கம்பியின் கீழே படுத்தார். தலைமாட்டில் பிலோமினா, அவளோடு அவர் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசாதவரை ஏசுவது அவளுக்கு வசதியாக இருந்தது.

டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னால் சேர்த்துக் கீழே இறக்கச் சொன்னாள், முதுகுக்கு நடுவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி. முழங்கை விலாவை ஒட்டவும் வேண்டாம், பறக்கவும் வேண்டாம், பாதி வழியில் நிற்கட்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. கம்பி கழுத்துப்பக்கம் வராமல் நெஞ்சின் அடிப்பாகத்தில் வந்து தொட வேண்டும், மெதுவாக, குதிக்காமல். "குண்டானை இறக்கி வைக்கிற மாதிரி இறக்கணும். மாமியார் முன்னாடி போடுற மாதிரி போடக் கூடாது." கம்பிக்குக் கீழேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

பதினைந்து, இருபத்தைந்து, முப்பத்தைந்து. கப்பலுக்கு இரண்டு நாள் முன்பு நாற்பது. தேர்வுக்கூடத்து வாசலில் நடைகூடமே திரண்டு நின்றது. ஒன்பதாவது தள்ளில் கம்பி பாதியில் நின்றுவிட்டது. பிலோமினாவின் கை நீண்டது. தொட்டால் தேர்வு போச்சு. அவள் தொடவில்லை. "காலு," என்றாள், மெல்ல. ஆவுடையப்பன் காலைத் தரையில் அழுத்தினார். கம்பி ஏறியது. பத்தாவது, கோணாமல் ஏறியது.

"வலிக்குதா?"

"இல்லக்கா," என்றார். சொல்லும்போது இரண்டு கண்ணிலும் நீர். நிலாவில் கண்ணீர் வழியவும் நேரமெடுக்கும். எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

நான்கு மாதம் கழித்துப் பூமியிலிருந்து செய்தி வந்தது. குளியலறையில் வழுக்கிக் குப்புற விழுந்ததாகவும், கோமதிக்குத் தூக்கத் தெம்பில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அழுததாகவும் எழுதியிருந்தார். 'உள்ளங்கைய ஊனி, முழங்கைய விரிக்காம, நீங்க சொன்னபடியே தள்ளினேன்க்கா. எழுந்துட்டேன். விழுந்ததை யாருகிட்டயும் சொல்லிராதிங்க.'

ஒன்பது மணிக்குள் எல்லாக் கதவுக்கும் செய்தி போய்விட்டது.

இப்போது ஏழாம் நடைகூடத்தில் காலைக் கடமை முடிய எட்டு மணி ஆகிறது. 'வலிக்குதா' என்று கேட்டால் ஆட்கள் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்: எந்தப் பக்கம், எத்தனை நாளாக, தூங்கும்போதா, துணி பிழியும்போதா. குறிப்பு எழுதினாலும் இறங்கலாம் என்று கண்ணால் பார்த்த பிறகு யார் வாயை மூட முடியும்?

எதிர்வாசலுக்குச் சங்கிலி குடிவந்திருந்தான். அவன் ஒரு நாள் காலையில் பிலோமினாவின் தலைமாட்டில் நின்று எண்ணி முடித்து, கொட்டாவிக்கு நடுவே கேட்டான்:

"வலிக்குதாக்கா?"

பிலோமினா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். நாற்பத்திரண்டு வீட்டில் அவள் யாரிடமும் சொல்லாத வீடு ஒன்று மிச்சமிருந்தது, அவளுடையது. தங்கை ஊருக்கு இறங்க, அடுத்த கப்பலுக்கு இன்னும் இரண்டரை வருஷம்.

"ஆமா. இடது பக்கம், பதினோரு வருஷமா," என்றாள். "எழுதிக்கோ. எழுதிட்டு அந்தக் காலணியக் கழட்டிக் குடு."