கறுப்புத் துணிக்குள் எட்டு நொடி

ரீல் ஈரமாக இருந்தது.

பத்து நிமிஷத்துக்கு முன்புதான் சஹானா அதை ஹேர் டிரையரால் காயவைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு பாத்ரூம் விளக்கை அணைத்திருந்தாள். ஃபிலிமைச் சுற்றும் அந்த பிளாஸ்டிக் ரீலில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் போச்சு, ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. பத்து வருஷமாக அவள் படித்த பாடம் அது. இப்போது இருட்டில் தடவினால் வரிப்பள்ளங்கள் முழுக்கத் தண்ணீர். கை வியர்வையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வியர்வை இத்தனை குளிராக இருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

வெளியே மத்தியானம் இரண்டு மணி. கரியாஹாட் நடைபாதைக் கடைக்காரர்களின் கூவல் மூன்று மாடி ஏறி வந்து, கறுப்பு பிளாஸ்டிக்கும் டேப்பும் ஒட்டிய ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றது. கதவின் அடியில் துண்டைத் திணித்திருந்தாள். மற்ற ஃபிலிமுக்கே இருட்டு வேண்டும், இந்த இன்ஃப்ராரெட் ஃபிலிமோ கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தையும் பார்த்துவிடும் பொல்லாத பிறவி. கடையில் கொடுத்துக் கழுவலாமென்றால், எங்கள் மெஷினுக்குள்ளேயே அந்த வெளிச்சம் உண்டு, ஒரு படமும் மிஞ்சாது என்று கையை விரித்துவிட்டார்கள். தன் கையே தனக்குதவி.

கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் சந்தீப், அவள் கணவன் ஜெய்ராமின் தம்பி. துணைக்கு வந்தேன் என்றான். காவலுக்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரியாமலில்லை.

பத்தொன்பது நாளாயிற்று. கார்டன் ரீச்சில் ஒரு பழைய படித்துறை, உச்சி வெயில். இந்த ஃபிலிமில் ஆலமரம் பனி பெய்த மாதிரி வெளுத்து நிற்கும், ஆறு மையாகக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பின் ஓரமாக, பின்னால் படிக்கட்டு தெரியும்படி, கடைசிப் படியில் ஜெய்ராமை நிற்க வைத்தாள். லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் எட்டு நொடி திறந்து வைக்க வேண்டும். பழைய கேமரா வேறு, மூடியோரத்தில் வெளிச்சம் கசியும். அதனால் எப்போதும்போல் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கேமராவை மூடிக்கொண்டாள். "அசையாதே" என்றாள். எண்ணினாள். துணியை விலக்கியபோது படியில் யாருமில்லை.

உடல் கிடைக்கவில்லை. ஓதம் வடிந்து ஆறு கடலுக்கு ஓடும் நேரம், கடல்வரை கொண்டுபோயிருக்கும் என்றார்கள். "பக்கத்துலயே நின்னுண்டு எப்படிடி பாக்காம இருந்தே?" என்று மாமியார் ஜெயலக்ஷ்மி கேட்ட கேள்வியைத்தான் போலீஸும் வேறு வேறு விதமாகக் கேட்டது.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து என்று எண்ணியபோது தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. படகு தளும்பியிருக்கும் என்று நினைத்தாள். படம் வீணாகிவிடுமே என்று எட்டு வரை எண்ணி முடித்தாள்.

அந்த மூன்று நொடி இந்த ஃபிலிமில் இருந்தது. ஜெய்ராம் எட்டு நொடியும் நின்றிருந்தால் படத்தில் கெட்டியாகத் தெரிவான். ஐந்திலேயே விழுந்திருந்தால் அவன் உடம்பின் வழியே பின்னால் உள்ள படிகள் தெரியும். இந்தக் கணக்கு அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

வேறொரு ரீல் கையெட்டும் தூரத்தில் இல்லை. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, ஃபிலிமின் நுனியை ரீலின் வாயில் செருகித் திருகினாள். இரண்டு சுற்று போயிற்று. சிக்கிக்கொண்டது. பின்னுக்கு இழுத்து மறுபடி திருகினாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மருந்து வாசனை இல்லை. ஆற்றுச் சேறு, அழுகின சாமந்தி, டீசல்.

"மன்னி" என்றான் சந்தீப் வெளியிலிருந்து. "யாரோட பேசறேள்?"

"யாரோடயும் இல்லியே."

"எண்ணிண்டிருக்கேளே. எனக்குக் கேக்கறது."

அவள் எண்ணவில்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காதுகொடுத்தாள்.

ஒன்றுமில்லை. குழாய்கூடச் சொட்டவில்லை.

பிறகு, இடது காதின் பக்கம், மிக அருகில், யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்.

சுவிட்ச் தலைக்கு மேலே, கையெட்டும் தூரத்தில். போட்டால் போதும். போட்டால் ஃபிலிம் போய்விடும். ஜெய்ராமின் கடைசி முகம் போய்விடும். அந்த மூன்று நொடியும் போய்விடும், யாரும் அவளை இனி எதுவும் கேட்க முடியாது. அந்த நினைப்பு ஒரு கணம் இனித்தது. அதற்காக அவள் தன்மீதே அருவருப்புக் கொண்டாள்.

கையைத் தூக்கவில்லை.

திருகினாள். சிக்கியது. மீண்டும் திருகினாள்.

அவள் விரல்மேல் ஒரு விரல் வந்து படிந்தது.

குளிர்ந்த விரல். ஊறி உப்பிய விரல். ஃபிலிமின் ஓரத்தைப் பொறுமையாகப் பிடித்து, பள்ளத்தில் ஏற்றிவிட்டது.

ஃபிலிம் நகர்ந்தது.

அவள் கத்தவில்லை. திருகினாள். அது பிடித்துக் கொடுத்தது. திருகினாள். கடைசிவரை. ரீலை வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் இறக்கி மூடியை அழுத்தினாள்.

விரல் விலகியது.

விளக்கைப் போட்டாள். யாருமில்லை. தரை காய்ந்து கிடந்தது.

மருந்து ஊற்றி, குலுக்கி, கழுவி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை கதவைத் திறந்தே வைத்திருந்தாள். சந்தீப் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இருவருமாக ஹால் ஜன்னலுக்கு வந்தார்கள். ஈரம் சொட்டும் ஃபிலிமை அவள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.

மரம். படகு. மரம். படித்துறை. கடைசிப் படியில் ஜெய்ராம்.

அவன் மார்பின் வழியே படிகள் தெரிந்தன.

சஹானாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "விழுந்துட்டான், சந்தீப். அஞ்சுலயே விழுந்துட்டான். சத்தம் எனக்குக் கேட்டுது. கேட்டுண்டே எண்ணிண்டிருந்தேன்."

சந்தீப் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு அடுத்து எதுவும் இருக்கக் கூடாது. படித்துறைக்குப் பிறகு அவள் ஒரு படமும் எடுக்கவில்லை.

"ஏ கீ... இதென்ன?" என்றான் மெதுவாக. "மன்னி, இது உங்க பாத்ரூம்தானே? இத யார் எடுத்தா?"

படத்தில், ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்கள் அகல விரிந்து, எதையும் பார்க்காமல். மடியில் ரீல். அவள்மேல் குனிந்து ஜெய்ராம் நின்றான். அவன் வழியே பின்சுவரின் டைல் ஒன்றுகூடத் தெரியவில்லை, அத்தனை கெட்டியாக, அத்தனை நேரம் அசையாமல் நின்றிருந்தான். ஒரு கை அவள் விரல்கள்மேல் இருந்தது. இன்னொரு கையை உயர நீட்டி, உப்பிய ஐந்து விரல்களையும் விரித்து, விளக்கு சுவிட்சை இறுக மூடியிருந்தான்.