ஆணியில் தொங்கிய ரொட்டி

அண்ணன் வீட்டுக் கதவைத் தள்ளியதுமே அணைந்த அடுப்பின் வாடை நர்ஸ் சஃபர்குலின் முகத்தில் அடித்தது. மலையூரான தவில்தாராவில் மாவு தீர்ந்து இருபத்தாறு நாள் ஆகிறது. சண்டைக்காரர்கள் இரண்டு தரப்பும் சேர்ந்து கணவாயை அடைத்துவிட்டார்கள். தினமும் மதியம் ஆஸ்பத்திரி வயர்லெஸ்ஸில் அவள்தான் தொண்டை கிழியக் கத்துவாள். நாற்பத்தொரு பிள்ளைகள் சாகக் கிடக்கிறார்கள், மாவு அனுப்புங்கள், குளுக்கோஸ் அனுப்புங்கள். மறுமுனையில் வெளிநாட்டு நிவாரணக்காரர்கள் "குறித்துக்கொண்டோம்" என்பார்கள். குறித்துக் குறித்தே அவர்களுடைய காகிதம் தீர்ந்திருக்கும்.

அண்ணி ஓய்தினாவின் மடியில் நான்கு வயது மகள் நிசோ துவண்டு கிடந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

சுவர் ஆணியில் ஒரு காய்ந்த ரொட்டி தொங்கியது. போருக்குப் புறப்பட்ட அன்று சங்கின் என்ற அவள் அண்ணன் வாசலில் நின்று ஒரு வாய் கடித்துவிட்டுப் போனது. மிச்சத்தைத் தின்ன அவன் திரும்பி வருவான் என்பது ஊர் நம்பிக்கை. அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது. அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை. கடித்த இடத்தின் நடுவில் ரொட்டி நாக்குபோல நீட்டிக்கொண்டிருந்தது.

"அதை ஊற வெச்சுக் குடுங்க அண்ணி."

"உங்க அண்ணன் வர்ற வழியை அடைக்கச் சொல்றியா?"

"இவ நாளைக்கு வரைக்கும் தாங்க மாட்டா."

ஓய்தினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சஃபர்குல் ரொட்டியைக் கழற்றித் தேநீரில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள்.

கடைசி வாய் இறங்கியபோது, வெளியே பனியை மிதித்துக்கொண்டு பூட்ஸ் சத்தம் வந்தது.

கதவு வரை வந்தது.

நின்றது.

திறந்து பார்த்தாள். பனியில் ஒரு தடமும் இல்லை. ஈரக் கம்பளியும் அண்ணனின் புகையிலையும் கலந்த வாடை மட்டும் இருந்தது.

"அப்பா ஏன் உள்ள வரல?" என்றாள் நிசோ. இரண்டு நாளுக்குப் பிறகு அவள் இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

நான்காம் நாள் மாவு லாரிகள் வந்தன.

"கணவாயில ஒரே பனிமூட்டம்," என்றான் டிரைவர். "ஒரு ஆள் முன்னாடி நடந்து, கண்ணிவெடி இல்லாத பக்கமா கூட்டிட்டு வந்தான். முன்பல் கிடையாது. ஊர் எல்லையில நின்னுட்டான். ஏறுப்பான்னா, எனக்கு அங்க ரொட்டி இல்லைங்கிறான்."

சஃபர்குலுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது.

அன்று சுட்ட முதல் ரொட்டியை ஓய்தினா யாருக்கும் கொடுக்கவில்லை. முழுசாக ஆணியில் மாட்டினாள்.

"இப்ப வரட்டும்," என்று கிசுகிசுத்தாள்.

சஃபர்குல் கதவைத் தாழிட்டாள்.

விடிந்தபோது தாழ் போட்டபடியே இருந்தது. ரொட்டியில் ஒரு கடி. நடுவில் நாக்குபோல நீட்டிய துண்டிலிருந்து பனிநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு வாய்தான் கடித்திருந்தான். மிச்சத்துக்குத் திரும்பி வருவான்.