நான்கு பைட் பூட்டு

நிலவறை ஆவணக் கிடங்கில் அவள் ஒருத்திதான் இருந்தாள். ஆனால் கதவைப் பூட்டித் திறக்கும் மின்பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு வந்த பதில், 'உள்ளே: 2' என்றது.

நிரலை எழுதியவளே அவள் என்பதால் சந்தேகமும் முதலில் தன்மேல்தான் வந்தது. பூட்டும் நேரத்தைப் பைத்தான் மொழியில் பைட்டுகளாக அடுக்கி, பொட்டலம் கட்டி, வலைவழியே பெட்டிக்கு அனுப்பும் சின்ன நிரல். பெட்டியும் கூரையிலுள்ள உணரி எண்ணிய ஆள்கணக்கை அதேபோல் கட்டித் திருப்பி அனுப்பும். ஆள்கணக்குக்கு இரண்டே பைட்; அந்த வரிசை தலைகீழானால் ஒன்று என்பது இருநூற்று ஐம்பத்தாறாகத் தெரியும். இரண்டாக மட்டும் தெரியாது. பழைய காகித வாடை மூக்கில் ஏற, கூரை வரை நின்ற இரும்பு அலமாரிகளுக்கு நடுவே காற்றாடி உறுமிக்கொண்டிருக்க, அவள் ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டுத் தன் பயத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

உணரிக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மனதைத் தேற்றி, கதவைப் பத்து விநாடி பூட்டிப் பார்க்கும் கட்டளையை அனுப்பினாள். மணி மூன்றேகால். நான்கு மணிக்கு மகளைக் காப்பகத்திலிருந்து அழைக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள்.

கதவு 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. பத்து விநாடி போயிற்று. இருபதும் போயிற்று. திரையில் 'மீதி: 167772140'.

நிரலைத் திறந்து பார்த்தாள். நேரத்துக்கான நான்கு பைட்டுகளைப் பின்முன்னாக அடுக்கியிருக்கிறாள். பத்து விநாடியைப் பெட்டி ஐந்து வருடத்துக்கும் மேலாகப் படித்திருக்கிறது. ஒரு கட்டளை முடியும்வரை இன்னொன்றை ஏற்காதே என்று போன மாதம் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்த புண்ணியவதியும் அவளேதான்.

காவலாளிக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, கிடங்குல மாட்டிக்கிட்டேன். சாவி போட்டுத் திறங்களேன்."

"பதறாதேம்மா. அந்தச் சாவியத் தேடணும். வந்துடறேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அலமாரிகளுக்கிடையே நடந்தாள். அவள் நின்ற பிறகும் ஒரு காலடி கூடுதலாகக் கேட்டது. மறுபடி நடந்தாள். நின்றாள். மறுபடி ஒன்று.

சுவரோரம் ஒண்டி உட்கார்ந்தாள். மடிக்கணினி மடியில். பை கதவருகே. 'உள்ளே: 2'. 'உள்ளே: 2'. அலமாரிக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். அவள் மூச்சை அடக்கினாள். அதுவும் அடங்கியது.

இருபது நிமிடம்.

சாவி திரும்பும் சத்தம். வெளிச்சம். எழ முயன்றாள். கால் வரவில்லை. கத்தினாள். குரல் வரவில்லை.

"என்னம்மா, பயந்துட்டியா? முகமெல்லாம் வெளுத்துப் போச்சே!"

காவலாளி கதவருகே நின்ற யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே." அவளுடைய குரல். அவளுடைய பை, அந்தத் தோளில். "பாப்பா காத்துட்டு இருப்பா. நான் கிளம்பறேன்."

காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த மூலையை நேராகப் பார்த்தார். விளக்கை அணைத்தார். சாவியை உருவிக்கொண்டார்.

டக்.

இருட்டில் திரை மட்டும் ஒளிர்ந்தது.

'உள்ளே: 1. மீதி: 167770960.'